பக்கத்து இருக்கையின் அளவு

1934 ஜனவரி 8, திங்கள்

புது டைரியை ஏழு நாள் தாமதமாகத் தொடங்குகிறேன். எடித் அம்மாள் கிறிஸ்துமஸுக்குக் கொடுத்தது. நல்ல தோல் அட்டை, வீணாக்க மனமில்லை. தமிழில் எழுதுவதில் ஒரு சௌகரியம் உண்டு. இந்த சர்ரே ஜில்லா முழுக்கத் தேடினாலும் இதைப் படிக்க ஓர் ஆள் கிடையாது. ஆகவே உண்மையை எழுதலாம்.

உண்மை இதுதான். திருப்பூர் பஞ்சு ஜின்னிங் பேக்டரி சென்னியப்ப கவுண்டரின் ஒரே மகன் நாச்சிமுத்து, அதாவது நான், மான்செஸ்டரில் நூற்பாலைத் தொழில் படிப்பதாக அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார். படித்தேன், நாலு மாதம். லீவுக்கு லண்டன் பக்கம் வந்தபோது, ரோட்டோரம் நின்றுபோன ஒரு காரைத் தள்ளிக் கொடுத்தேன். தள்ளிய கையோடு கார்புரேட்டரையும் கழற்றித் துடைத்து மாட்டினேன். அதில் இருந்தவர் கேப்டன் விதர்பி. "ஏனப்பா, எங்கிட்ட வேலைக்கு வர்றயா?" என்றார். வந்துவிட்டேன். ஒன்றேகால் வருஷம் ஓடிவிட்டது.

கேப்டன் என்ன, இங்கே யாருமே இப்படிப் பேசுவதில்லைதான். இவர்கள் இங்கிலீஷை நான் நம் ஊர்ப் பேச்சில் எழுதிக்கொள்கிறேன். என் டைரி, என் இஷ்டம்.

விதர்பி மோட்டார்ஸ் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். லிட்டில் மார்டன் கிராமத்து மாதாகோயிலுக்குப் பின்னால் ஒரு பழைய வைக்கோல் கொட்டகை. மொத்தம் நாலு பேர். மரச்சட்டம் கேப்டன். அலுமினியத் தகடு அடிப்பது டல்லி. எஞ்சினை மட்டும் வெளியே வாங்குகிறோம். அதைப் பூட்டி ஓடவைப்பது நான். இருக்கைக்குத் தோல் தைப்பது கேப்டனின் தங்கை எடித் அம்மாள். வருஷத்துக்கு ஒன்பது கார், எல்லாம் இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார். ஒன்று மாதிரி இன்னொன்று இருக்காது.

ஜனவரி 14, ஞாயிறு

இன்று பொங்கல். எடித் அம்மாளின் அடுப்பில் அரிசியும் பாலும் பொங்கவைத்தேன். அடிப்பிடித்துவிட்டது. டல்லி மூன்று தட்டு சாப்பிட்டார்.

அப்பாவின் கடிதம் வந்திருக்கிறது, வழக்கம்போல மான்செஸ்டர் போய், சிநேகிதன் ராமபத்திரன் கைமாற்றி. நூல் மில் கட்ட அவிநாசி ரோட்டில் இடம் பார்த்தாயிற்றாம். "நீ வந்து நடத்தத்தானே இத்தனையும்" என்று எழுதியிருக்கிறார். லைப்ரரிப் புத்தகத்தைப் பார்த்து நூல் சுற்றும் ஸ்பிண்டில் பற்றி நாலு பக்கம் பதில் எழுதினேன். ராமபத்திரன் அங்கிருந்து தபாலில் போடுவான்.

நாலு பக்கத்தில் ஒரு வரிகூட என்னுடையது இல்லை.

ஜனவரி 20, சனி

ஆபத்து வந்துவிட்டது. சேலை கட்டிக்கொண்டு வந்தது.

காருக்கு அடியில் படுத்து கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஜோடி கறுப்பு ஷூ வந்து நின்றது. அதற்குமேல் நாலு விரற்கடை அரக்குச் சேலை, அதற்குமேல் கோட்டு. இங்கிலீஷில் யாரோ கேப்டனைக் கேட்டார்கள். அவசரமாக எழுந்தேன், தலை அச்சில் இடித்தது. "ஐயோ, அம்மா!" என்றேன்.

"ஏனுங்க, நீங்க நம்ம பக்கமுங்களா?" என்றது மேலேயிருந்து குரல்.

அந்த 'ஏனுங்க'வைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! மண்டை வலிகூட மறந்துபோனது. இருந்த சந்தோஷத்தில் பெயர், ஊர், அப்பா பெயர் எல்லாவற்றையும் உளறிவிட்டேன். எனக்கு வாய் என்று ஒன்றை ஏன்தான் வைத்தானோ கடவுள்.

அவர் டாக்டர் மரகதவல்லி. ஈரோடு. லண்டனில் இரண்டு வருஷமாகப் பிரசவ வைத்தியம் படித்து முடித்துவிட்டார். ஏப்ரல் பதினாலாம் தேதி கப்பல். அதில் கூடவே ஒரு காரையும் ஏற்றிப் போக வேண்டுமாம்.

"சுத்துப்பட்டுல நாப்பது ஊருங்க. மாட்டு வண்டியில நான் போய்ச் சேர்றதுக்குள்ள கொழந்தை பொறந்து பேரும் வச்சர்றாங்க."

"அதுக்கு ஸ்போர்ட்ஸ் கார் எதுக்குங்க?"

"வேகமாப் போகுது. லேசா இருக்குது. பள்ளத்துல எறங்கிட்டா நாலு பேரு சேந்து தூக்கி வச்சர்லாம். வேற என்னங்க வேணும்?"

ஒன்றேகால் வருஷத்தில் எங்கள் காரைப் பற்றி இத்தனை சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. கேப்டனுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

கிளம்பும்போதுதான் குண்டைப் போட்டார். "திருப்பூர்ல எங்க சித்தப்பா பஞ்சு மண்டி வச்சிருக்காருங்க. உங்கப்பா வாராவாரம் அங்க வந்து உங்க கடிதாசியைச் சத்தமாப் படிப்பாராம். ஸ்பிண்டிலு நிமிஷத்துக்கு எத்தனை சுத்து சுத்தும்னு எங்க சித்திக்கே மனப்பாடம். நீங்க மான்செஸ்டர்ல அல்லங்க இருக்கோணும்?"

"யாருகிட்டயும் சொல்லிராதீங்க" என்றேன்.

"நான் ஏனுங்க சொல்றேன்? அது உங்க சோலி" என்றார். சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 3, சனி

இன்று அளவு நாள்.

இந்தக் கொட்டகையின் சம்பிரதாயம் இது. சட்டை தைக்க ஆளை அளப்பதுபோல இங்கே காருக்கு ஆளை அளக்கிறோம். சக்கரமோ கதவோ இல்லாத வெறும் சட்டத்தின்மேல் மணல் மூட்டைகளைப் போட்டு, வாங்குகிறவரை உட்காரவைக்கிறோம். அவர் நெளிந்து வளைந்து சுகமாக அமர்ந்ததும், முதுகு, இடுப்பு, கால் எல்லாவற்றையும் சுற்றிப் பின்பலகையிலும் அடிப்பலகையிலும் டல்லி நீலச் சாக்கட்டியால் கோடு போடுவார். அந்தக் கோட்டுக்குத்தான் இருக்கை, பெடல் எல்லாம். பக்கத்து இருக்கைக்கும் அப்படித்தான். ஆள் உட்காராமல் அளவு எடுப்பதில்லை. இதில் கேப்டன் மகா பிடிவாதம். பக்கத்தில் உட்காரப்போகிறவர் வர முடியாவிட்டால் அதே உயரத்தில் வேறு ஒருவரை உட்காரவைக்க வேண்டும்.

டாக்டரம்மாவோடு ஊர் ஊராக வரப்போவது செல்லாயி என்கிற நர்ஸ். நாலடி பதினொரு அங்குலம் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி என் கையில் கொடுத்தார். எடித் அம்மாளுக்கு அதே உயரம். பொருத்தமாகப் போயிற்று என்றிருந்தோம். பார்த்தால் அவருக்குக் காலையிலிருந்து பல்வலி, கன்னம் வீங்கிப் பல் வைத்தியரிடம் போய்விட்டார்.

டாக்டரம்மா ஓட்டும் பக்கம் அமர்ந்தார். பக்கத்தில் பாரத்துக்கு வைத்த மணல் மூட்டை நிற்காமல் சரிந்தது. "நாச், நீ அந்தப் பக்கம் சித்தே உக்காரு, சட்டம் சாயுது" என்றார் டல்லி. உட்கார்ந்தேன். பாரத்துக்காகத்தான்.

நகராத வண்டியில் இருபது நிமிடம். ஈரோட்டில் இப்போது மஞ்சள் காயவைக்கிற காலம், தெருவெல்லாம் வாசம் அடிக்கும் என்றார். முதல் பிரசவம் பார்த்தபோது, பிறந்த குழந்தை அவர் மூக்குக் கண்ணாடியைத் தட்டிவிட்டதாகச் சொன்னார். நான் ஏதோ சொன்னேன், சிரித்தார். என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை.

குனிந்து பார்த்தால் டல்லி என்னைச் சுற்றியும் கோடு போட்டுவிட்டிருக்கிறார்.

சொல்ல வாயெடுத்தேன். சாக்கட்டித் தூளில் தும்மல் வந்துவிட்டது. தும்மி முடிப்பதற்குள் கேப்டன் டீயும் இஞ்சி கேக்கும் கொண்டுவந்தார். டீ ஆறிவிடும் என்று எல்லோரும் எழுந்துவிட்டோம். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். டாக்டரம்மாவும் கவனிக்கவில்லை போலிருக்கிறது, ஒன்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி 5, திங்கள்

டல்லிக்கு வேலை மும்முரம். தொந்தரவு செய்யவில்லை.

செல்லாயியின் அளவுக் காகிதம் இந்த டைரியில்தான் இருக்கிறது. பக்க அடையாளத்துக்கு வசதியாக இருக்கிறது.

பிப்ரவரி 22, வியாழன்

பெரிய சிக்கல். கேப்டன் திடீரென்று காலையில் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். "ஏனப்பா, அந்தம்மா சேலை கட்டீட்டுத்தானே ஓட்டும்? அந்தத் துணி காத்துல பறந்து பின்சக்கரத்துல சுத்திக்கிச்சுன்னா?"

எங்கள் கார்க் கதவு முழங்கை வைக்க வசதியாகத் தாழ வெட்டியது. பின்னால் கம்பிச் சக்கரம். மூவரும் வெலவெலத்துப் போனோம். சேலை கட்டிய டிரைவருக்கு இதுவரை யாரும் இங்கே கார் செய்ததில்லை.

கதவை உயர்த்தலாம் என்றார் கேப்டன். சக்கரத்தை மூடலாம் என்றார் டல்லி. அப்படிச் செய்தால் காரின் அழகே போய்விடும் என்று சொல்லிவிட்டு இருவரும் துக்கமாக நின்றார்கள். சோதித்துப் பார்ப்போம் என்றேன் நான். ஒரு படுக்கை விரிப்பு, ஒரு ஜன்னல் திரை, இரண்டையும் சேர்த்துத் தைத்து டல்லிக்குக் கட்டிவிட்டேன். சேலை எப்படிக் கட்டுவது என்று எனக்கு மட்டும் தெரியுமா? கொசுவம் முதுகுப்பக்கம் போய்விட்டது. இருநூற்றைம்பது ராத்தல் எடையுள்ள மனிதர், மீசையோடு, சேலை கட்டிப் பழைய காரில் ஏறிக் கொட்டகையைச் சுற்றி வந்தார். மாதாகோயில் பாதிரியார் வேலிக்கு அப்பால் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மூன்றாவது சுற்றில் டாக்டரம்மா வந்து நின்றார். தையலுக்கு முன் தோலைத் தொட்டுப் பார்க்க வந்தாராம்.

விஷயத்தைச் சொன்னேன். கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். முந்தானையை முன்னால் இழுத்து, ஒரு சுற்றுச் சுற்றி, இடுப்பில் செருகினார். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது.

"காட்டுல பொம்பளைங்க களை எடுக்கறதைப் பாத்ததே இல்லீங்களா நீங்க?"

பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன். மூன்று ஆண்பிள்ளைகள் அரைநாள் மூளையைக் கசக்கினோம். டல்லி சேலையைக் கழற்ற முடியாமல் சிக்கிக்கொண்டார், அதை அவிழ்த்துவிட்டதும் டாக்டரம்மாதான்.

மார்ச் 10, சனி

காருக்கு என்ன நிறம் என்று டாக்டரம்மாவைக் கேட்டதற்கு, அரக்குச் சேலையின் ஓரத்திலிருந்து ஒரு நூலைப் பிடுங்கிக் கொடுத்தார். அதைப் பார்த்து வர்ணம் கலந்தேன். ஏழு தடவை கலந்த பிறகுதான் சரியாக வந்தது. இனி அந்த நூல் தேவையில்லை. தொலைந்து போகக்கூடாது என்று பெட்டியில் வைத்திருக்கிறேன்.

அப்பா கடிதம். வைகாசி பத்தாம் தேதி மில்லுக்கு அடிக்கல்லாம். என் கடிதங்களை எல்லாம் வரிசையாகக் கோத்து வைத்திருக்கிறாராம், கொத்தனாரிடம் காட்ட. "நீ எழுதினபடியே கட்டறேன் கண்ணு" என்கிறார்.

லைப்ரரிப் புத்தகத்தை நம்பி ஒரு மனிதர் மில் கட்டுகிறார். கட்டி முடித்து, நடத்து என்று சாவியை நீட்டினால் நான் என்ன செய்வேன்? எனக்குத் தெரிந்தது கார். எனக்குப் பிடித்ததும் அதுதான். அதைச் சொல்லத் தைரியமில்லாமல் ஒன்றரை வருஷமாகக் கடிதத்தில் நூல் நூற்றுக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 27, செவ்வாய்

எடித் அம்மாள் பக்கத்து இருக்கைக்குத் தோல் தைக்கிறார். "அந்த நர்ஸம்மாவும் என்னோட அளவுன்னுதானே சொன்னாங்க? நான் இதுக்குள்ள படுத்துத் தூங்கலாமாட்டம் இருக்குதே" என்றார். ஊசிநூல் வாங்க வேண்டும் என்று சொல்லிக் கடைக்குப் போய்விட்டேன்.

ஏப்ரல் 7, சனி

கார் முடிந்தது. டாக்டரம்மாவுக்கு ஓட்டிக் காட்ட நான் கூடப் போனேன். ஓட்டிக் காட்ட என்று பேர்தான், ஓட்டியது அவர். மேட்டில் ஏற்றி, வளைவில் திருப்பி, ஆட்டு மந்தைக்கு நின்று வழிவிட்டு, பதினைந்து மைல். வெயில்கூட அடித்தது. முந்தானை இடுப்பில் பத்திரமாக இருந்தது. நான் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். முதுகுக்கும் தோலுக்கும் நடுவே காற்றுகூடப் புகாது. கால் நீட்டினால் பலகை சரியாக அந்த இடத்தில் இருக்கிறது.

இதற்குமேல் பொறுக்க முடியவில்லை. காரை நிறுத்தச் சொன்னேன்.

"ஒரு தப்பு நடந்துபோச்சுங்க. இந்த சீட் செல்லாயி அளவு இல்லீங்க. என்னோட அளவு. வேணும்னு செய்யலீங்க. தும்மல் வந்து..."

"தெரியுமுங்க" என்றார்.

"எப்படிங்க?"

"நானும் பக்கத்துலதானுங்க உக்காந்திருந்தேன். அவரு உங்களைச் சுத்திக் கோடு போட்டதைப் பாத்துட்டேதான் மஞ்சக் கதை சொல்லீட்டிருந்தேன்."

பின்னால் ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன.

"ஒரு வாரம் இருக்குதுங்க. பிரிச்சு வேற செஞ்சு போடட்டுங்களா?" என்றேன்.

"வேண்டாங்க. செல்லாயி தலகாணி வச்சுக்குவா." ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். "ஆனா ஒண்ணு. பெத்த அப்பனுக்குப் பொய் எழுதற ஆளைப் பக்கத்துல வச்சுட்டு நான் வண்டி ஓட்ட மாட்டனுங்க. கல்லு நட்டு மில்லு எந்திரிக்கறதுக்குள்ள அவருக்கு நெசத்தை எழுதுங்க. நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லோணும்."

கொட்டகைக்குத் திரும்பினோம். கேப்டன் ஓடிவந்து எஞ்சின் சத்தம் எப்படி என்று கேட்டார். எனக்குக் கேட்டால்தானே?

ஏப்ரல் 8, ஞாயிறு

எழுத உட்கார்ந்தேன். "அன்புள்ள அப்பாவுக்கு." அவ்வளவுதான் வந்தது.

ஏப்ரல் 9, திங்கள்

அதே.

ஏப்ரல் 11, புதன்

காரை மரப்பெட்டியில் அடைத்து ஆணி அடித்தோம். டல்லி மூக்கைச் சிந்தினார். ஒவ்வொரு கார் போகும்போதும் சிந்துவார். இன்று எனக்கும் சேர்த்துச் சிந்தியதாக எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 13, வெள்ளி

எழுதிவிட்டேன். நாலு பக்கமில்லை, அரைப் பக்கம்.

நான் மான்செஸ்டரில் இல்லை. ஸ்பிண்டில் எல்லாம் புத்தகத்தில் பார்த்து எழுதினது. எனக்கு நூல் மில் வராது, கார்தான் வரும். பயந்துகொண்டு சொல்லவில்லை. என்னை நம்பிக் கல் நட வேண்டாம். மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு முகமில்லை.

படித்துப் பார்த்தால் மாற்றிவிடுவேன் என்று படிக்காமலே ஒட்டி, லிட்டில் மார்டன் தபாலாபீசிலேயே, சர்ரே முத்திரையோடு, ஏர்மெயிலில் போட்டேன்.

ஏப்ரல் 14, சனி

துறைமுகம். கூட்டம். நான் "போட்டுட்டேனுங்க" என்றேன். டாக்டரம்மா "அப்படீங்களா" என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது எனக்கா அவருக்கா என்று தெரியவில்லை, காற்று அதிகம். சங்கு ஊதிவிட்டது.

மே 6, ஞாயிறு

அப்பாவிடமிருந்து ஒன்றுமில்லை.

மே 20, ஞாயிறு

ஒன்றுமில்லை. தபால்காரர் என்னைக் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போகிறார். அப்பா திட்டினால்கூடப் பரவாயில்லை. அவர் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. மண்டியில் போய் எதைப் படித்துக் காட்டுவார்?

ஜூன் 9, சனி

வந்தது. அப்படியே எழுதிவைக்கிறேன்.

"சிரஞ்சீவி நாச்சிமுத்துவுக்கு. உன் அரைப் பக்கம் கிடைத்தது. ஒரு மாதம் உன்னோடு பேசுவதில்லை என்று இருந்தேன். மாதம் முடிந்துவிட்டது.

மில்லுக்குக் கல் நட்டாயிற்று. நடத்த பம்பாயிலிருந்து ஒரு ஆளை வைத்திருக்கிறேன். உன் நூல் கடிதங்களை அவனிடம் காட்டினேன். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்கிறான். பொய்யையாவது ஒழுங்காகச் செய்திருக்கிறாய்.

போன வாரம் ஈரோட்டு டாக்டர் அம்மிணி மண்டிக்கு வந்தது. அரக்குக் கலரில் ஒரு வண்டி. என் பையன் கையால் செய்ததா என்று கேட்டேன். ஆமாம் என்றது. ஊரே கூடிவிட்டது. என்னை ஏறச் சொல்லிற்று, ஏறினேன். ஊத்துக்குளி வரை போய்வந்தோம். வண்டி நன்றாகத்தான் இருக்கிறது. நம் ரோட்டுக்கு ரொம்பத் தாழ்வு, அடி தட்டுகிறது. இதைச் சரிசெய்ய இங்கே ஒருவனுக்கும் தெரியவில்லை.

ஒரு விஷயம். பக்கத்து சீட்டில் என் கால் எட்டவில்லை. முதுகுக்கும் சீட்டுக்கும் நடுவில் மூட்டை வைக்கலாம். செல்லாயி என்கிற நர்ஸோ தலகாணிமேல் உட்காருகிறாள். இது யாருக்கு அளவெடுத்தது அம்மிணி என்று கேட்டேன். 'உங்க பையனையே கேளுங்க' என்று சொல்லிவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டது.

கேட்கிறேன். பதிலைக் கடிதத்தில் எழுதாதே. உன் கடிதத்தை நான் இனி நம்புவதாக இல்லை. நேரில் வந்து சொல்."

ஜூன் 11, திங்கள்

கிளம்புகிறேன் என்று கேப்டனிடம் சொன்னேன். ஊருக்குப் போய்த் தாழ்வான வண்டிகளை உயர்த்துவதாக இருந்தால் முதலில் என் காரிலிருந்து ஆரம்பிக்காதே என்றார். பிறகு தன் சொந்த ஸ்பேனர் செட்டைத் துடைத்து என் பெட்டியில் வைத்தார்.

டல்லி நீலச் சாக்கட்டியை எடுத்துவந்து, என்னைப் பலகையில் உட்காரவைத்து, சுற்றி ஒரு கோடு போட்டு, பிப்ரவரி அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

"மாறலை. போயிட்டு வா" என்றார்.